பின்வளவில் ஷெட், கராஜ், கார்போர்ட்: இங்கிலாந்தில் அனுமதி எடுப்பது பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், கிறொய்டன் என்று நம்மவர்கள் வீடு வாங்கியிருக்கும் இடங்களிலெல்லாம் பின்வளவில் ஏதாவது ஒரு கட்டடம் எழும்புகிறது. "இதுக்கெல்லாம் பெர்மிஷன் தேவையில்லையாம்" என்று யாரோ சொன்னதை நம்பிப் பல்லாயிரம் பவுண்ஸ் செலவழித்துவிட்டு, கவுன்சிலின் கடிதம் வந்த பிறகு அறிவுரை தேடி ஓடுகிறவர்கள் அதிகம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான ஷெட்களுக்கு உண்மையிலேயே அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த விலக்கு சில அளவுகளோடும், அதைவிட முக்கியமாக ஒரு பயன்பாட்டோடும் கட்டப்பட்டிருக்கிறது. அளவைப் பார்க்கிறவர்கள் பலர், பயன்பாட்டைப் பார்க்கிறவர்கள் சிலரே.

இங்கே உள்ளவை இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சட்டம் வேறு.

ஷெட் போட பிளானிங் பெர்மிஷன் எடுக்கத்தான் வேண்டுமா?

பிளாட்டாக இல்லாமல் வீடாக இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணையில் 'கிளாஸ் ஈ' என்றொரு பிரிவு இருக்கிறது. வீட்டோடு ஒட்டாமல் வளவுக்குள் தனியாக நிற்கும் ஷெட், கராஜ், தோட்ட அறை போன்றவற்றுக்கு அது முன்கூட்டியே அனுமதி தந்துவிடுகிறது. இதைத்தான் 'பெர்மிட்டட் டெவலப்மெண்ட்' என்கிறார்கள்.

நிபந்தனைகள் இவை. கட்டடம் ஒரே தளமாக இருக்கவேண்டும். வீட்டின் முகப்புச் சுவருக்கு முன்னால் வரக்கூடாது. இரண்டு பக்கமும் சரியும் கூரை என்றால் உச்சி 4 மீற்றர் வரை போகலாம், வேறு கூரை என்றால் 3 மீற்றர். கூரை சுவரைச் சந்திக்கும் இறவாணத்தின் உயரம் எப்படியும் 2.5 மீற்றரைத் தாண்டக்கூடாது. பல்கனி, விறாந்தை, நிலத்திலிருந்து 30 சென்றிமீற்றருக்கு மேல் உயர்ந்த மேடை எதுவும் கூடாது. கட்டடத்தின் எந்தப் பகுதியாவது எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் வந்தால், முழுக் கட்டடமும் 2.5 மீற்றர் உயரத்துக்குள் அடங்கவேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் நம் வளவுகள் மாட்டிக்கொள்கின்றன. லண்டனின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஐந்தாறு மீற்றர் அகலந்தான் இருக்கும். இரு பக்கமும் 2 மீற்றர் விட்டால் நடுவில் என்ன மிஞ்சும்? ஆகவே உங்கள் உயர வரம்பு 2.5 மீற்றர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குப் போடும் கொங்கிறீற், சுவர், காப்புப் பலகை, கூரை எல்லாம் அதற்குள் வரவேண்டும். கட்டுகிறவர் "2.6 வந்தால் யார் அளக்கப்போகிறார்கள்" என்று சொன்னால் அவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாடு வந்தால் அதிகாரி அளவு நாடாவோடுதான் வருவார்.

எங்கள் வளவு சரிவானது. உயரத்தை எங்கிருந்து அளப்பது?

கட்டடத்தை ஒட்டியிருக்கும் இயற்கையான நிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து. சரிவு நிலத்தில் இது உங்களுக்குச் சாதகம். ஆனால் மண் கொட்டி நிலத்தை உயர்த்திவிட்டு அங்கிருந்து அளந்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வேலை தொடங்கும் முன் நிலத்தைப் படமெடுத்து வையுங்கள்.

வளவில் எவ்வளவு இடத்தை அடைக்கலாம்?

மூல வீடு நிற்கும் இடத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் வளவில் பாதி. மூல வீடு என்றால் 1948 ஜூலை 1இல் நின்ற வீடு. அதற்குப் பின் கட்டியது என்றால் முதலில் கட்டியபடி. உதாரணமாக, மொத்தக் காணி 250 சதுர மீற்றர், மூல வீடு 60 என்று வைத்தால் மிச்சம் 190, அதில் பாதி 95. நீங்களோ முன்பிருந்தவரோ போட்ட எக்ஸ்டென்ஷன், பழைய ஷெட், கராஜ் எல்லாம் இந்த 95க்குள் வரவேண்டும். முன்பிருந்தவர் நீட்டியதை எண்ணாமல் விடுவது வழக்கமான பிழை.

இந்தச் சலுகை எல்லா வீட்டுக்கும் உண்டா?

இல்லை. பிளாட்டுக்கும் மேசனெற்றுக்கும் கிடையாது. தரைத் தளமும் தோட்டமும் உங்களுடையதாக இருந்தாலும் கிடையாது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின், அதாவது 'லிஸ்டட்' வீடுகளின் வளவிலும் கிடையாது. கொன்சவேஷன் ஏரியாவில், அதாவது பழமை பேணப்படும் பகுதியில், வீட்டின் பக்கச் சுவருக்கும் எல்லைக்கும் இடையில் கட்ட முடியாது. கடையையோ அலுவலகத்தையோ வீடாக மாற்றிய இடங்களில் அநேகமாக இந்த உரிமை இராது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு தடைகளும் உண்டு. புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே கவுன்சில் இந்த உரிமையை நிபந்தனை போட்டு எடுத்துவிடுவது வழக்கம். அதைவிட, ஒரு பகுதிக்கு மட்டும் உரிமையை நீக்கும் 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவும் இருக்கலாம். இரண்டையும் கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடலாம். வீட்டு உறுதியில் முதல் விற்பனையாளர் போட்ட கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா என்று சொலிசிட்டரிடமும் கேளுங்கள். அது கவுன்சிலின் விடயமல்ல என்றாலும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

பிளானிங் வேண்டாம் என்றால் பில்டிங் ரெகுலேஷன்ஸும் வேண்டாமா?

இரண்டும் வேறு. முதலாவது கட்டடம் அங்கே நிற்கலாமா என்று பார்க்கிறது. இரண்டாவது அது பாதுகாப்பாக நிற்கிறதா, தீப் பிடித்தால் என்னாகும், குளிர் தாங்குமா என்று பார்க்கிறது. ஒன்றில் விலக்குக் கிடைத்தால் மற்றதிலும் கிடைத்ததாகாது.

உள்ளளவு 15 சதுர மீற்றர் வரையான தனிக் கட்டடத்துக்குப் பில்டிங் ரெகுலேஷன்ஸ் விலக்கு உண்டு. 15க்கு மேல் 30 வரை என்றால் ஒரே தளமாக இருக்கவேண்டும். அத்தோடு எல்லையிலிருந்து 1 மீற்றராவது தள்ளி நிற்கவேண்டும், அல்லது பெரும்பாலும் தீப்பிடிக்காத பொருளால் கட்டியிருக்கவேண்டும். வேலியோடு ஒட்டி 25 சதுர மீற்றரில் மரக்கட்டடம் போட்டால் விலக்கு இல்லை.

இந்த விலக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: உள்ளே யாரும் படுத்துறங்கும் ஏற்பாடு இருக்கக்கூடாது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். தோட்ட அறையில் படுக்கவைக்கலாமா?

அதிகமானோர் கேட்பது இதைத்தான். மூன்று அறை வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அம்மாவுக்கு மாடி ஏற முடியாது, பின்வளவில் இடம் இருக்கிறது. தேவை நியாயமானது. சட்டம் வேறு இடத்தில் கோடு போட்டிருக்கிறது.

கிளாஸ் ஈ தரும் அனுமதி, வீட்டு வாழ்க்கைக்குத் துணையான பயன்பாட்டுக்கு மட்டும். சாமான் வைக்க, உடற்பயிற்சி செய்ய, படிக்க, வீணை வாசிக்க, வீட்டிலிருந்து வேலை செய்ய என்றால் துணைப் பயன்பாடு. படுக்கையறை, குளியலறை, சமையலறை என்பன வீட்டின் முதன்மைப் பயன்பாடுகள். அவை இதற்குள் அடங்கா என்று அரசாங்கத்தின் விளக்கக் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே படுக்கையறைக்கென்று புதிதாகக் கட்டினால், அளவுகள் மில்லிமீற்றர் பிசகாமல் இருந்தாலும், அனுமதி எடுக்கவேண்டும். உறங்கும் இடம் என்பதால் பில்டிங் ரெகுலேஷன்ஸும் வந்துவிடும்.

இதைக் கடதாசி வேலை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஜனவரி இரவில், காப்பில்லாத மரச்சுவருக்குள் மின்சூட்டியைப் போட்டுக்கொண்டு எழுபது வயதுக்காரர் படுத்திருக்கிறார் என்றால், புகை எச்சரிக்கைக் கருவியும், தப்பி வெளியேற வழியும், ஈரம் கட்டாத சுவரும் அவர் உயிரோடு சம்பந்தப்பட்டவை. அந்த விதிகள் அவருக்காகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 'அனெக்ஸ்', அதாவது வீட்டைச் சார்ந்த துணைக் குடியிருப்பு, என்று வெளிப்படையாகச் சொல்லி விண்ணப்பியுங்கள். சாப்பாடும் பொழுதுபோக்கும் வீட்டோடுதான், உறக்கம் மட்டும் அங்கே என்று விளக்கினால் கவுன்சில் நிபந்தனையோடு அனுமதி தர வாய்ப்புண்டு. குளியலும் சமையலும் சேர்ந்து தனிக் குடியிருப்பாகிவிட்டால் கவுன்சில் வரிக்காகத் தனியாக மதிப்பிடலாம். ஆனால் 65 வயதைத் தாண்டிய, உங்களில் தங்கியிருக்கும் உறவினர் அங்கே வாழ்ந்தால் அந்த வரிக்கு விலக்குக் கேட்கலாம்.

கராஜ் என்று படம் வரைந்து, உள்ளே படுக்கை போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மறைத்துக் கட்டியதை நீதிமன்றங்கள் மிகக் கடுமையாகப் பார்க்கின்றன. அதைக் கீழே சொல்கிறேன்.

மீன் பொரிக்க, கறி காய்ச்ச வெளியே ஒரு குசினி போடலாமா?

மணம் வீட்டுக்குள் நிற்கக்கூடாது என்பது நம் வீடுகளின் பொதுவான ஆசை. ஆனால் சமையலறையும் முதன்மைப் பயன்பாடு. அடுப்பு, சிங்க், அலுமாரி எல்லாம் வைத்த மூடிய கட்டடத்தை அதிகாரி துணைப் பயன்பாடு என்று ஏற்பார் என்று எண்ணிப் பணம் போடாதீர்கள். விண்ணப்பித்துச் செய்யுங்கள். மரத்தாலான ஷெட்டுக்குள் காஸ் சிலிண்டரும் எண்ணெய்ச் சட்டியும் வைத்துச் சமைப்பது, அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேண்டாம். காஸ் இணைப்பு 'காஸ் சேஃப்' பதிவுள்ளவர் மட்டும் செய்யவேண்டிய வேலை.

சமையல் வீட்டுக்குள்ளேயே நடக்க, அரிசி மூட்டையும் பெரிய சட்டிகளும் இரண்டாவது ஃபிரிட்ஜும் ஷெட்டில் இருந்தால் யாருக்கும் ஆட்சேபமில்லை.

சாமியறை? சங்கீத வகுப்பு? அலுவலகம்?

குடும்பத்துக்கான சாமியறை துணைப் பயன்பாடு, தயங்கவேண்டாம். மாதப் பூசைக்கு ஊரெல்லாம் திரளத் தொடங்கினால் அது வழிபாட்டுத் தலமாகப் பார்க்கப்படும்.

வகுப்புகளும் அப்படியே. சனிக்கிழமை ஓரிரு பிள்ளைகள் வயலின் படிக்க வருவது வீட்டின் தன்மையை மாற்றாது. பத்துப் பெற்றோர் ஒரே நேரத்தில் தெருவில் காரை நிறுத்தி, சலங்கை ஒலி நாள் முழுக்கக் கேட்கும் பரத வகுப்பு மாற்றிவிடும். சட்டத்தில் தலைக்கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. வருகை, சத்தம், வாகனம், சம்பளத்துக்கு ஆட்கள் வைத்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். சம்பாதிக்காத பொழுதுபோக்குக்கும் எல்லை உண்டு. ஒரு வீட்டில் 44 நாய்கள் வளர்த்தவர் "இது என் பொழுதுபோக்கு" என்று வழக்காடினார். சாதாரண வீட்டு வாழ்க்கைக்கு அது பொருந்தாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஷெட்டை வாடகைக்கு விடலாமா?

விடாதீர்கள். இலண்டனிலும் ஸ்லோவிலும் ஷெட்டுக்குள் ஆட்களைக் குடிவைப்பது பெரும் பிரச்சினையாகி, 2013இல் ஸ்லோ கவுன்சில் விமானத்திலிருந்து வெப்பப் படமெடுத்து எந்த ஷெட்டில் சூடு இருக்கிறது என்று தேடியது. கவுன்சிலின் உத்தரவை மீறி வாடகை வாங்கினால் குற்ற வருமானச் சட்டத்தின் கீழ் அந்த வாடகையையே பறிமுதல் செய்யக் கேட்கலாம். அப்படி இழந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அப்படியொரு ஷெட்டில் நீங்கள் வாடகைக்கு இருப்பவரானால், பயந்து ஒதுங்கவேண்டாம். கட்டடம் அனுமதியில்லாதது என்பது உங்கள் குற்றமல்ல. கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவையோ, வீட்டுப் பிரச்சினைகளில் உதவும் ஷெல்டர் தொண்டு நிறுவனத்தையோ கேளுங்கள். வாடகை கொடுத்ததற்கு ஆதாரம் எதையும் எறியாதீர்கள்.

கார்போர்ட்டுக்கு என்ன விதி?

கார்போர்ட் என்பது காருக்குப் போடும் பக்கம் திறந்த கூரை. தனியாக, வீட்டு முகப்புக்குப் பின்னால் நின்றால் ஷெட்டின் விதிகளே. வீட்டின் பக்கச் சுவரோடு பொருத்தினால் பொதுவாக எக்ஸ்டென்ஷனாக எண்ணப்படும்: 4 மீற்றர் உயரத்துக்குள், மூல வீட்டின் அகலத்தில் பாதிக்குள், எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் வந்தால் இறவாணம் 3 மீற்றருக்குள். கொன்சவேஷன் ஏரியாவில் பக்கத்தில் பொருத்த அனுமதி தேவை. இரண்டு பக்கமாவது திறந்தும் 30 சதுர மீற்றருக்குள்ளும் இருந்தால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் விலக்கு. பிறகு ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி பலகை அடித்து மூடினால் அந்த விலக்குப் போய்விடும்.

வீட்டு முன்றலில் காருக்குக் கூரை போட எப்போதும் அனுமதி வேண்டும். முன்னால் வைக்கும் சைக்கிள் பெட்டிக்கும் அதே விதிதான்.

இருக்கும் கராஜை அறையாக மாற்ற?

வீட்டோடு சேர்ந்த கராஜ் என்றால் உள்வேலைக்குப் பெரும்பாலும் பிளானிங் தேவையில்லை; பில்டிங் ரெகுலேஷன்ஸ் கட்டாயம் தேவை. ஆனால் வீடு கட்ட முதலில் கொடுத்த அனுமதியில் "கராஜை வாகனம் நிறுத்த மட்டுமே வைத்திருக்கவேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். புதிய குடியிருப்புகளில் அது சாதாரணம். விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் முதலில் கேட்பது பில்டிங் ரெகுலேஷன்ஸ் முடிவுச் சான்றிதழை.

முன்றலைக் கல் பதித்துக் காருக்கு இடமாக்கலாமா?

2008 அக்டோபர் 1 முதல், 5 சதுர மீற்றருக்கு மேல் நீர் ஊறாத தளம் போட்டு மழைநீரைத் தெருவுக்கு விடுவதென்றால் அனுமதி எடுக்கவேண்டும். நீர் ஊறும் கல் பதித்தாலோ, தண்ணீரைப் பூப்பாத்திக்குத் திருப்பினாலோ வேண்டாம். நடைபாதை விளிம்பைத் தாழ்த்துவது தெரு அதிகாரிகளின் தனி அனுமதி. அது கிடைக்குமா என்று தெரிந்த பிறகு கல்லுக்குப் பணம் கட்டுங்கள்.

மின்சாரம் நானே இழுக்கலாமா?

புதிய சேர்க்கிட் இழுப்பது அறிவிக்கவேண்டிய வேலை. கட்டடத்துக்கு விலக்கு இருந்தாலும், வீட்டிலிருந்து வரும் மின்சாரத்துக்கு விலக்கு இல்லை. பதிவுபெற்ற மின்வினைஞரைக் கொண்டு செய்து சான்றிதழை வாங்கி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னலால் இழுத்து ஷெட்டில் ஹீட்டர் போடுவது நம் வீடுகளில் நான் காணும் ஆபத்துகளில் பெரியது.

பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்கவேண்டுமா?

பெர்மிட்டட் டெவலப்மெண்ட்டுக்கு அவருடைய சம்மதம் தேவையில்லை. ஆனால் அவருடைய கட்டடத்திலிருந்து 3 மீற்றருக்குள், அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் (பொதுச் சுவர்) சட்டப்படி ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். எல்லைக் கோட்டில் புதுச் சுவர் எழுப்பினாலும் அப்படியே. உங்கள் கூரைத் தண்ணீர் அவர் வளவுக்குள் விழக்கூடாது.

நிலத்துக்குக் கீழேயும் பாருங்கள். வீடுகள் பகிர்ந்துகொள்ளும் கழிவுநீர்க் குழாய்கள் 2011 அக்டோபரில் தண்ணீர்க் கம்பனிகளுக்குக் கைமாறின. அந்தக் குழாயிலிருந்து 3 மீற்றருக்குள் கட்டுவதென்றால் லண்டனில் அநேகமாகத் தேம்ஸ் வோட்டரைக் கேட்கவேண்டும். மரத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு இருந்தால் வேரைக்கூட அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது.

எதற்கும், வேலை தொடங்கும் முன் படத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். முறைப்பாடுகளில் பல, கேட்காமல் செய்தார்களே என்ற கோபத்தில் எழுதப்படுபவை.

அனுமதி தேவையில்லை என்றால் அதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். 'லோஃபுல் டெவலப்மெண்ட் சர்டிபிகேட்' என்பது நீங்கள் கட்டப்போவது சட்டப்படியானது என்று கவுன்சில் எழுத்தில் தருவது. கட்டணம் பிளானிங் விண்ணப்பத்தில் பாதி, பதிலுக்குப் பொதுவாக 8 வாரம். கட்டாயமல்ல. ஆனால் கொங்கிறீற் ஊற்றும் முன் இது கையிலிருந்தால், பிறகு முறைப்பாடு வந்தாலும் விற்கப் போனாலும் வாதாடத் தேவையில்லை. செலவைக் குறைக்க எதை விட்டாலும் இதை விடாதீர்கள். விண்ணப்பத்தில் பயன்பாட்டை உண்மையாக எழுதுங்கள். எழுதியதற்கு மட்டுமே அந்தச் சான்றிதழ் காவல்.

கட்டி ஐந்து வருடமாகிவிட்டது. இனி கவுன்சிலால் ஒன்றும் செய்யமுடியாதாமே?

முன்பு கட்டட வேலைக்கு எதிராகக் கவுன்சில் நடவடிக்கை எடுக்க 4 ஆண்டு என்ற எல்லை இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அது 10 ஆண்டு. அந்தத் திகதிக்கு முன்பே பெரும்பாலும் முடிந்த கட்டடத்துக்குப் பழைய 4 ஆண்டுக் கணக்கே பொருந்தும். முடிந்த நாளை நிறுவுவது உங்கள் பொறுப்பு. பில், படம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

மறைத்திருந்தால் இந்தக் காலக்கணக்கு உதவாது. சரே பகுதியில் ஒரு விவசாயி வைக்கோற் கட்டுகளுக்குப் பின்னால் பெரிய வீடொன்றைக் கட்டி நான்கு ஆண்டுகள் குடியிருந்துவிட்டு 2006இல் திறந்து காட்டினார். வழக்கில் தோற்று, 2016இல் அதை இடித்தார். களஞ்சியம் என்று அனுமதி எடுத்து உள்ளே வீடு கட்டிய இன்னொருவருக்கு எதிராக உச்ச நீதிமன்றமே 2011இல் தீர்ப்பளித்தது.

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்துவிட்டது. என்ன செய்ய?

முதல் கடிதம் பெரும்பாலும் விசாரணைதான். பதில் எழுதுங்கள், அதிகாரியைப் பார்க்க விடுங்கள். 20 சென்றிமீற்றர் உயரம் கூடியிருந்தால் குறைத்துச் சரிசெய்யலாம், அல்லது கட்டிய பின்னும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் வீட்டுக்காரருக்கு மேன்முறையீடு செய்ய 12 வாரம் உண்டு.

'என்ஃபோர்ஸ்மெண்ட் நோட்டீஸ்', அதாவது மீறலைச் சரிசெய்யும்படி கவுன்சில் போடும் சட்டபூர்வ உத்தரவு, வந்தால் கதை வேறு. அது நடைமுறைக்கு வரும் திகதி அதிலேயே எழுதியிருக்கும், குறைந்தது 28 நாள் இருக்கும். மேன்முறையீடு அந்தத் திகதிக்கு முன் போய்ச் சேரவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் எடுக்கமாட்டார்கள். நோட்டீஸை மீறுவது குற்றம், அபராதத்துக்கு உச்ச எல்லை கிடையாது. ஆங்கிலக் கடிதம் புரியவில்லை என்று லாச்சிக்குள் வைத்துவிடாமல் அன்றே ஒருவரிடம் வாசித்துக் கேளுங்கள்.

பழைய கராஜை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறோம். கவனிக்க ஏதும் உண்டா?

கூரையைக் கவனியுங்கள். ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை போட்ட கொங்கிறீற் கராஜ்கள் பலவற்றின் நெளித் தகடு அஸ்பெஸ்டஸ் கலந்த சீமெந்து. பிரிட்டனில் 1999இல்தான் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சுத்தியலால் அடித்து உடைக்கவோ அறுக்கவோ கூடாது. தூசு நெஞ்சுக்குள் போனால் நோய் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தகடுகளை முழுதாகக் கழற்ற அனுபவமுள்ளவரைப் பிடியுங்கள். கவுன்சிலின் கழிவு நிலையம் ஏற்குமா, முன்பதிவு வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். சாதாரண ஸ்கிப்பில் போட அனுமதியில்லை.